லூயி பாஸ்டரும் பிழைத்த அந்த நாயும்



நாய் கடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும் முன் கோவிலுக்கு ஓடி வரும் பெற்றோரை நாம் இன்றும் காண்கிறோம். தலைமேல் கைவைத்துச் செபிக்கச் சொல்கிறார்கள். புனித நீர் கேட்கிறார்கள். செபிக்கத்தான் செய்கிறோம். ஆனால் அதற்கு முன் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கடிவாயை நன்றாகக் கழுவச் சொல்கிறோம். கையோடு ஊசி போட அனுப்பி வைக்கிறோம். அந்த ஊசி நமக்கு எப்படிக் கிடைத்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், சாகாமல் பிழைத்துக்கொண்ட ஒரு நாயையும், இடது பக்கம் செயலிழந்த ஒரு மனிதரையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மனிதர் லூயி பாஸ்டர்.

பாஸ்டர் என்றதும் நம் ஊரில் சபைப் போதகர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். இவர் போதகர் அல்லர். மருத்துவரும் அல்லர், வேதியியல் படித்தவர். பிரான்சு நாட்டில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிரெஞ்சு மொழியில் அவருடைய பெயருக்கு மேய்ப்பர் என்றே பொருள். கோழி, ஆடு, முயல், நாய் என்று எத்தனையோ உயிர்களைக் கவனித்துத்தான் அவர் மனிதரைக் காக்கும் வழியைக் கண்டார். ஆகவே அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தோல் பதனிடுபவரின் மகன்

1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் எண்கிழமைக்குள், டோல் என்னும் சிற்றூரில் லூயி பிறந்தார். தந்தை ஜான் ஜோசப் முன்பு நெப்போலியனின் படையில் வீரராக இருந்தவர். பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தவர். குடும்பம் சில ஆண்டுகளில் ஆர்புவா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றோரத்து வீடு, தோல் ஊறும் தொட்டிகள், அவற்றிலிருந்து எழும் வாடை. இவற்றுக்கிடையில்தான் பையன் வளர்ந்தான். படிப்பில் முதல் மாணவன் என்று சொல்ல முடியாது. படம் வரைவதில் மட்டும் தனித்திறமை இருந்தது. எதையும் பொறுமையாக உற்றுப் பார்க்கும் கண் அவனுக்கு அப்போதே வாய்த்திருந்தது.

1831ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், லூயிக்கு ஒன்பது வயது நிரம்பும் முன், அந்தப் பகுதியில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்கள் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவர்களுடைய காயங்களைச் சுட்டார்கள். அந்த நாளில் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவர்களில் பலர் பிறகு தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகி, துடிதுடித்து இறந்தார்கள். பட்டறையிலிருந்து எழுந்த அலறல் சிறுவனின் நினைவை விட்டு அகலவேயில்லை.

ஐரோப்பாவின் கத்தோலிக்கர் வெறிநாய்க்கடிக்குப் பாதுகாவலராகப் புனித ஹியூபர்ட்டை நாடி வந்தார்கள். பெல்ஜியத்தில் அவர் பெயரால் அமைந்த ஆலயத்துக்குக் கடிபட்டவர்கள் கால்நடையாகவே திருப்பயணம் போவார்கள். அவர் பெயரால் மந்திரிக்கப்பட்ட இரும்புச் சாவி ஒன்றைக் காய்ச்சிக் கடிவாயில் வைக்கும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. இதைப் படித்து நாம் நகைக்க வேண்டியதில்லை. வேறு கதியில்லாத மக்கள் கடவுளின் கதவைத் தட்டினார்கள். அந்த வேண்டுதலுக்கான விடை, தோல் வாடை வீசிய வீட்டிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

மூன்று சிறிய கல்லறைகள்

பாரிஸ் நகருக்குச் சென்று உயர்கல்வி கற்ற லூயி, படிகங்களைப் பற்றிய ஆய்வினால் இருபத்தைந்து வயதிலேயே பெயர் பெற்றார். 1849இல் மரி லோரான் என்பவரைக் கரம்பிடித்தார். திராட்சை இரசம் புளிப்பதேன், பால் கெடுவதேன், பட்டுப்புழுக்கள் நோயுற்று மடிவதேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே இவற்றுக்குக் காரணம் என்று நிறுவினார். நம் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் பாஸ்டரைஸ்டு என்ற சொல் அவருடைய பெயரிலிருந்து பிறந்ததே. இவை பள்ளிப் புத்தகத்திலேயே இருப்பவை. நாம் இங்கு விரிக்கத் தேவையில்லை.

புத்தகத்தில் அதிகம் இடம்பெறாத ஒன்று உண்டு. அவருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண்பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். மூத்த மகள் ஜான் 1859இல் ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலால் மறைந்தாள். 1865இல் இரண்டு வயதுக் குழந்தை கமிய் மறைந்தாள். அடுத்த ஆண்டே பன்னிரண்டு வயது செசில், அக்காளைப் போலவே டைபாய்டுக்குப் பலியானாள். நோய் எப்படிப் பரவுகிறது என்று உலகுக்கு விளக்கிக்கொண்டிருந்த தந்தையால் தம் பிள்ளைகளைக் காக்க இயலவில்லை. பிள்ளையை இழந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போதெல்லாம், அங்கு எந்தச் சொல்லும் போதாது என்பதை நாம் உணர்ந்திருக்கிறோம். பாஸ்டர் அந்தத் துயரத்துடன்தான் சோதனைக்கூடத்துக்குத் திரும்பினார்.

1868 அக்டோபரில், 45ஆம் வயதில், பக்கவாதம் அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் இடது கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அதன்பின் அவருடைய சோதனைகளில் பலவற்றைச் செய்த கைகள் உடனிருந்த இளைஞர்களுடையவை. எமீல் ரூ, சார்ல் ஷம்பர்லான் ஆகிய இருவரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

கோழிகள் கற்பித்த பாடம்

ஒருமுறை அம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி அம்மை வருவதில்லை என்பது பன்னெடுங்காலமாக மக்கள் அறிந்த செய்தி. ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796இல், மாட்டு அம்மைப் பாலை ஒரு சிறுவனுக்குக் குத்தி, பெரியம்மையிலிருந்து அவனுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததைக் காட்டினார். ஆனால் அது மாட்டில் இயற்கையாகவே கிடைத்த எளிய நோய். எல்லா நோய்க்கும் அப்படி ஓர் எளிய தம்பி கிடைப்பதில்லையே!

1879, 1880ஆம் ஆண்டுகளில் பாஸ்டரின் குழுவினர் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கோழிக் காலராவை ஆராய்ந்தார்கள். புதிதாக வளர்த்த கிருமியைக் குத்தினால் கோழிகள் செத்தன. நாள்பட்டுப் பழையதாகிப்போன கிருமியைக் குத்தினால், சற்றுச் சோர்ந்து கிடந்துவிட்டுப் பிழைத்துக்கொண்டன. பிழைத்தவற்றுக்குப் பிறகு கடுமையான கிருமியைக் குத்தியும் அவை சாகவில்லை. எளிய தம்பியை இயற்கையில் தேடி அலைய வேண்டியதில்லை, கொடிய நோயையே அடக்கிப் பழக்கிச் சோதனைக்கூடத்தில் உருவாக்கலாம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

1881 மே மாதத்தில் புயி லெ ஃபோர் என்னும் ஊரின் பண்ணையில், ஊரறிய, அடைப்பான் நோய்க்கு எதிராக ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 24 ஆடுகளுக்கு ஊசி உண்டு. 24 ஆடுகளுக்கு இல்லை. பின்னர் எல்லாவற்றுக்கும் கொடிய கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் நாள் பார்க்கத் திரண்டவர்கள் கண்டது இதுதான்: ஊசி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, போடாதவை செத்துக் கிடந்தன, அல்லது செத்துக்கொண்டிருந்தன.

உடல் இதை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது பாஸ்டருக்குத் தெரியாது. கிருமி உண்ணும் சத்து ஒன்று முதல் நோயிலேயே தீர்ந்துபோகிறது, அதனால்தான் மறுமுறை அது வளர முடிவதில்லை என்று அவர் முதலில் எண்ணினார். அது தவறு. நோயை ஒருமுறை சந்தித்த உடல், அதை அடையாளம் கண்டு எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்த அடையாளத்தைக் காத்துவைக்கும் நினைவுச் செல்களையும் தன்னுள் வைத்துக்கொள்கிறது. இது பின்னால் வந்தவர்கள் படிப்படியாகக் கண்டறிந்தது. காரணம் தெரியாவிட்டாலும் கண்ணால் கண்டதை அவர் நம்பினார், திரும்பத் திரும்பச் சோதித்தார்.

மூன்றாவது நாய்

1880 டிசம்பரில் வெறிபிடித்த இரண்டு நாய்கள் பாஸ்டரின் சோதனைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. ஆர்புவாவின் பட்டறை அலறலுக்கு அவர் விடை தேடத் தொடங்கினார்.

இந்த நோய் மற்றவற்றைப் போன்றதன்று. இதன் கிருமி எந்த நுண்நோக்கியிலும் தெரியவில்லை. எந்தக் குடுவையிலும் வளரவில்லை. அது வைரஸ் என்பதும், அன்றைய நுண்நோக்கிகளுக்கு எட்டாத அளவு சிறியது என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. காணவே முடியாத ஒன்றை உயிருள்ள விலங்கின் உடலில் மட்டுமே வளர்க்கவும் ஆராயவும் முடிந்தது. லியோன் நகரின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் கால்தியே இதில் முன்னோடி. முயல்களுக்கு இந்நோயை ஏற்றி ஆராயலாம் என்று 1879இல் அவர் காட்டினார். வெறிநாயின் உமிழ்நீரை ஆடுகளின் இரத்தக்குழாயில் செலுத்தியபோது அவற்றுக்கு நோய் வரவில்லை, எதிர்ப்பாற்றலே வந்தது என்று 1881இல் அறிவித்தார். பாஸ்டரின் புகழொளியில் மறைந்துபோன இவரையும் நாம் மறக்கலாகாது.

நோயின் இருப்பிடம் மூளையும் தண்டுவடமும்தான் என்பதைப் பாஸ்டரின் குழு கண்டறிந்தது. மயக்கமருந்து கொடுத்து, நாயின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நோயுற்ற மூளையின் துளியை உள்ளே வைக்கும் முறையை ரூ கையாண்டார். விலங்குகள் துன்புறுவதைப் பார்க்கவே பாஸ்டரின் மனம் இடம் கொடுக்காது. இந்தச் சோதனைக்கு அவர் நெடுநாள் தயங்கினார் என்று அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

1881இல் மூன்று நாய்களுக்கு நோய் ஏற்றினார்கள். இரண்டு விரைவிலேயே வெறிபிடித்துச் செத்தன. மூன்றாவது நாய்க்கும் நோயின் முதல் அறிகுறிகள் தோன்றின. பிறகு யாரும் எதிர்பாராதது நடந்தது. அறிகுறிகள் மறைந்தன, நாய் தேறியது. 1882இல் இரண்டு முறை மண்டையைத் துளைத்து அதே நாய்க்குக் கொடிய நோயை மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கு வெறிபிடிக்கவேயில்லை.

வேறொருவராக இருந்தால், சோதனை தவறிவிட்டது என்று அந்த நாயைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கலாம். பாஸ்டரோ, இதுவே வழியின் முதல் அடி என்று 1882 டிசம்பரில் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பிடித்தால் மரணம் நிச்சயம் என்று எல்லாரும் நம்பிய நோயைக்கூட ஓர் உடல் சந்தித்து, வென்று, நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்த நாய் சான்றாக நின்றது. அதற்குப் பெயரிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இன்று நாம் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு வெறிநாய்க்கடி ஊசியின் பின்னும் அது நிற்கிறது.

அதன்பின் வேலை விரைந்தது. ஒரு முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு என்று நோயைத் தொடர்ந்து கடத்தியபோது அதன் கடுமை கூடி, ஏழு நாளளவில் நோய் தவறாமல் வெளிப்படும் நிலை வந்தது. குரங்கிலிருந்து குரங்குக்குக் கடத்தியபோது கடுமை குறைந்தது. 1884இல் அரசு ஒரு குழுவை அமைத்துப் பாஸ்டரின் கூற்றைச் சோதித்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற 23 நாய்கள் ஒரு பக்கம், பெறாத 19 நாய்கள் மறுபக்கம். இரு கூட்டத்துக்கும் நோய் ஏற்றப்பட்டது. 19இல் பெரும்பாலானவை வெறிபிடித்து மடிந்தன. 23இல் ஒன்றுக்குக்கூட வெறி பிடிக்கவில்லை.

பின்னர் இதைவிட எளிய வழியும் கிடைத்தது. நோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை ஈரமற்ற காற்றுள்ள குடுவைக்குள் தொங்கவிட்டால், நாளாக நாளாக அதன் வீரியம் குறைந்து இரண்டு வாரத்தில் அநேகமாக இல்லாமலே போயிற்று. முதல் நாள் மிகப் பழைய துண்டு, அடுத்தடுத்த நாள் சற்றுப் புதியது, கடைசி நாள் மிகப் புதியது என்று படிப்படியாக ஊசி போட்டுவந்தால் நாயின் உடல் நோயைப் பழகிக்கொண்டது.

இத்தனைக்கும் எத்தனை முயல்கள், எத்தனை நாய்கள் உயிர்விட்டன என்று எண்ணினால் மனம் கனக்கிறது. மனித உயிரைக் காக்கவும் நோயைக் குணப்படுத்தவும், தகுந்த வரம்புக்குள் விலங்குகளிடம் சோதனை செய்யலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2417ஆம் எண்ணில் போதிக்கிறது. காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்று அடுத்த எண்ணிலேயே எச்சரிக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடுங்கிய கை

நாயைக் காப்பாற்றியாயிற்று. மனிதரை? 1884 செப்டம்பரில் பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோவுக்குப் பாஸ்டர் ஒரு கடிதம் எழுதினார். நாய்களிடம் எத்தனை முறை வெற்றி கண்டாலும், மனிதரிடம் வரும்போது தம் கை நடுங்கும் என்று அதில் ஒளிக்காமல் சொன்னார். அதே கடிதத்தில், மரண தண்டனை பெற்ற கைதிகளுக்கு உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லி, அவர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்கலாமே என்றும் கேட்டார். சக்கரவர்த்தி இணங்கவில்லை. நல்லவேளை என்றே நாம் சொல்ல வேண்டும். தூக்குமேடைக்குப் போகிறவரும் கடவுளின் சாயலே; சோதனை முயலாக அவரை நினைக்கலாகாது. பெரிய அறிவும் நல்ல நோக்கமும் உள்ளவர்கூட அவசரத்தில் எங்கே வழுக்குவார் என்பதற்கு இக்கடிதம் ஒரு பாடம்.

1885 ஜூலை 6ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தம் ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்டரை அழைத்துக்கொண்டு பாரிஸ் வந்தார். இரண்டு நாள் முன்பு பள்ளிக்குப் போகும் வழியில் வெறிநாய் ஒன்று அவனைக் கீழே தள்ளிக் கை, கால், தொடை எங்கும் கடித்திருந்தது. உடலில் 14 காயங்கள். வுல்பியான், கிராஞ்சே என்னும் இரு மருத்துவர்கள் பையனைப் பார்த்தார்கள். விட்டுவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி என்பது அவர்களின் முடிவு.

பாஸ்டரின் முன் நின்றது ஒன்பது வயதுப் பிள்ளை. அவருடைய மூத்த மகள் இறந்ததும் அதே வயதில்தான். மருத்துவர் அல்லாத அவர் ஊசி போடச் சட்டம் இடம் தராது. அன்று மாலை கிராஞ்சே, 15 நாள் உலர்ந்த தண்டுவடத்திலிருந்து எடுத்த முதல் ஊசியைப் பையனின் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டார். பத்து நாள்களில் 13 ஊசிகள். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கடுமையானது. கடைசி ஊசி, அவனுக்கு நோய் எதிர்ப்பாற்றல் வந்திராவிட்டால் அவனைக் கொன்றேவிடக்கூடியது. பையன் முயல்களோடும் எலிகளோடும் விளையாடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். பாஸ்டருக்கோ இரவெல்லாம் உறக்கமில்லை என்று அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு எழுதினார். நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. மைஸ்டருக்கு நோய் வரவில்லை.

கடித்த பின்பு போடும் ஊசி எப்படிக் காக்கிறது என்று சிலர் கேட்கலாம். இந்த வைரஸ் கடிவாயிலிருந்து நரம்புகளின் வழியே மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அது மூளையை எட்டும் முன் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பித்துவிட்டால் உயிர் தப்பும். இது ஓர் ஓட்டப்பந்தயம். அதனால்தான் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்கிறோம்.

அக்டோபரில் பாஸ்டரின் சொந்த மாவட்டத்திலிருந்து ஜுப்பிய் என்னும் 15 வயது ஆட்டிடையன் வந்தான். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளைக் காப்பதற்காக வெறிநாயின் வாயைக் கையால் பிடித்து, சாட்டைக் கயிற்றால் கட்டி, மரக்காலணியால் அடித்துக் கொன்றவன் அவன். அவனும் பிழைத்தான். பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அந்தப் போராட்டத்தைக் காட்டும் சிலை இன்றும் இருக்கிறது.

நவம்பரில் லூயிஸ் பெல்தியே என்னும் பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். தலையில் கடி, கடிபட்டு 37 நாள்கள் கடந்திருந்தன. காலம் கடந்துவிட்டது என்பது பாஸ்டருக்குத் தெரியும். அவள் இறந்தால், ஊசிதான் கொன்றது என்று எதிரிகள் தூற்றுவார்கள் என்பதும் தெரியும். பெற்றோரின் கண்ணீரைப் பார்த்து அவரால் மறுக்க முடியவில்லை. ஊசி போடப்பட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் சிறுமி இறந்தாள். அவளுடைய படுக்கையருகே இருந்த பாஸ்டர் கண்ணீருடன் வெளியேறினார். தம் பெயருக்கு வரும் இழுக்கைவிட ஒரு குழந்தைக்கு எஞ்சியிருந்த சிறு வாய்ப்பு அவருக்குப் பெரிதாகப் பட்டது. அவருடைய வெற்றிகளையெல்லாம்விட இந்தத் தோல்வியே நம் மனத்தைத் தொடுகிறது.

மறைக்கக் கூடாத பக்கம்

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மை இன்னும் கொஞ்சம் உண்டு.

தம் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று பாஸ்டர் குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். 1964இல் அவருடைய பேரன் அவற்றைப் பிரான்சின் தேசிய நூலகத்துக்கு அளித்தார். அவற்றை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஜெரால்டு கைசன் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். மைஸ்டருக்குக் கையாண்ட அதே முறை, கடிபட்ட நாய்களிடம் அதற்கு முன் முழுமையாகச் சோதித்து முடிக்கப்படவில்லை என்று அக்குறிப்பேடுகள் காட்டின. வெளியில் சொன்னதற்கும் உள்ளே எழுதியதற்கும் இடைவெளி இருந்தது. மைஸ்டருக்கு முன்பே இருவருக்கு ஊசி போட்டுப் பார்த்ததும், அவர்களில் நோய் முற்றிய நிலையில் வந்த ஒரு சிறுமி இறந்ததும் வெளியில் சொல்லப்படவில்லை. புயி லெ ஃபோரில் ஆடுகளுக்குப் போட்ட ஊசிகூட ஷம்பர்லானின் முறைப்படி தயாரானது. பாஸ்டர் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கைசன் மிகைப்படுத்துகிறார் என்று பாஸ்டருக்காக வாதாடிய அறிஞர்களும் உண்டு. ஆனால் குறிப்பேடுகள் குறிப்பேடுகள்தாம்.

நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். இரயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரை ஓர் இளைஞன் ஏளனம் செய்தான், பிறகுதான் அவர் பாஸ்டர் என்று தெரிந்து வெட்கினான் என்ற கதையை மறையுரைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், நாமே சொல்லியும் இருக்கிறோம்! அதற்கு உறுதியான சான்று கிடையாது. சான்று உள்ளவை போதுமே. 1882இல் பிரெஞ்சுக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்த நாளில், அறிவியலால் அளக்க முடியாத எல்லையின்மை ஒன்று உண்டு, அதை மறுக்க எவராலும் இயலாது என்று, கடவுளைப் பேசவே கூசிய அறிஞர் கூட்டத்தின் முன் துணிந்து பேசினார். ஆனால் சோதனைக்கூடத்துக்குள் சமயத்தை அவர் கொண்டுவரவில்லை. எவ்வளவு ஒழுங்காகத் திருப்பலிக்குப் போனார் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரைப் பீடத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.

தம் வெற்றியைச் சற்றுக் கூட்டிச் சொன்னவரும் அவரே; பெல்தியேயின் படுக்கையருகே அழுதவரும் அவரே. கடவுள் குறையற்றவர்களைக் கொண்டு மட்டுமே தம் வேலையைச் செய்வதாக இருந்தால், உலகில் எந்த வேலையும் நடந்திருக்காது. ஆனால் குறையை மறைத்துப் புகழ் பாடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூன்றாவது நாயைக் கணக்கிலிருந்து நீக்காதவர் அவர். அவருடைய வாழ்வின் கணக்கிலிருந்தும் எதையும் நாம் நீக்க வேண்டாம்.

நிலவறையில் ஒரு மந்தை

1886 மார்ச்சுக்குள் 350 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இரஷ்யாவின் சுமோலென்சுக்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள். ஏழைகளும் செல்வர்களும் பல நாடுகளிலிருந்து அனுப்பிய நன்கொடையில் 1888 நவம்பர் 14இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. உள்ளம் நிறைந்து பேச்சு வராததால் அவருடைய உரையை மகன் படித்தார். மைஸ்டரும் ஜுப்பியும் வளர்ந்தபின் அங்கேயே காவலர்களாகப் பணியாற்றினார்கள்.

1895 செப்டம்பர் 28இல் பாஸ்டர் இறந்தார். ஒரு கை மனைவியின் கையில் இருந்தது. மறு கையில் பாடுபட்ட சுரூபம் இருந்தது. நோத்ர தாம் பேராலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. பிறகு அவருடைய நிறுவனத்தின் நிலவறையில் கல்லறை அமைத்தார்கள். அதன் சுவர்களிலும் வளைவுகளிலும் வண்ணக் கற்களால் ஆடுகள், கோழிகள், முயல்கள், நாய்கள் எல்லாம் பதிக்கப்பட்டிருக்கின்றன. மேலே நான்கு வானதூதர்கள். மூவர் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு; நான்காமவர் அறிவியல். உயிரைக் கொடுத்த அந்த எளிய விலங்குகள் மேய்ப்பர் பெயர் கொண்டவரைச் சூழ்ந்து நிற்கின்றன.

அந்தப் பணி நம் மலைகளுக்கும் வந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் அஞ்சியது, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை. 2004இன் இறுதியில் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் பாதுகாப்பான மருந்து. கையில் சில ஊசிகளே. கடி ஆழமாக இருந்தால் கடிவாயிலேயே எதிர்ப்பொருள் மருந்தையும் செலுத்துகிறார்கள். பெல்தியேவுக்குக் கிடைக்காத உதவி அது. இத்தனை இருந்தும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் பெரும்பங்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், பலர் குழந்தைகள். பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28ஆம் நாளே இன்று உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஆகவே அன்பார்ந்தவர்களே, நாய் கடித்தால், கீறினால், கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொன்ன நாளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வீட்டு நாய்க்கும் தவறாமல் ஊசி போடுங்கள். பிறகு கோவிலுக்கு வாருங்கள். சேர்ந்து நன்றி சொல்வோம்: நோயை ஒருமுறை சந்தித்தால் மறவாத உடலை நமக்குத் தந்த இறைவனுக்கும், தயங்கித் தயங்கி அதைக் கண்டறிந்த அந்த மனிதருக்கும், பெயரில்லாத அந்த மூன்றாவது நாய்க்கும்.